500 ரூபாய்க்கு மாஸ்டரிங் செய்தால் பெரியவர்கள் ஏன் சிரிக்கிறார்கள்?

கேள்வி இது: "கருங்கல் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். லேப்டாப், ஒரு நல்ல ஹெட்போன், ஓசோன் என்ற மென்பொருள், இவற்றை வைத்து ஆன்லைனில் பாட்டுக்கு 500 ரூபாய் வாங்கி மாஸ்டரிங் செய்து கொடுக்கிறேன். என் விளம்பரத்தைப் பார்த்த ஒரு சீனியர் இஞ்சினியர், 'இதுக்குப் பேரு மாஸ்டரிங்கா' என்று எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டார். அமெச்சூர்கள் காசு வாங்கவே கூடாதா? ஒரு வில்லுப்பாட்டின் முன், பின் சாம்பிள்களும் அனுப்பியிருக்கிறேன். கேட்டுச் சொல்லுங்கள்."

தம்பி, காசு வாங்கலாம். 500 என்ன, 5000 வாங்கினாலும் தடுக்க ஆளில்லை. மாஸ்டரிங், அதாவது கலந்து முடித்த பாட்டை வெளியிடுமுன் கடைசியாகச் செப்பனிடுகிற வேலை, அதற்கு லைசென்ஸ் கிடையாது, பதிவு செய்ய ஒரு கவுன்சிலும் கிடையாது. சிரித்தவரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் கையிலும் அப்படி ஒரு காகிதம் இருக்காது. ஆனால் அவர் சிரித்தது உங்கள் விலையைப் பார்த்து என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் சாம்பிளைக் கேட்டபோது எனக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. கோபப்படாதீர்கள், காரணத்தைச் சொல்கிறேன்.

உங்கள் 'பின்' சாம்பிள் 'முன்' சாம்பிளைவிடக் கிட்டத்தட்ட 8 டெசிபல் சத்தம் அதிகம். அவ்வளவு சத்தத்தைக் கூட்டிவிட்டால் எதுவும் நன்றாகத்தான் கேட்கும். மனிதக் காது அப்படி. சத்தம் குறைவாக இருக்கும்போது அடி ஓசையும் உச்சி ஓசையும் காதுக்கு மங்கலாகத் தெரியும், சத்தத்தைக் கூட்டியதும் இரண்டும் எழுந்து வரும். 1933-லேயே பிளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். ஒரே பாட்டை 1 டெசிபல் கூட்டிப் போட்டாலே கேட்கிறவர் 'இதுதான் தெளிவா இருக்கு' என்பார். அதனால் அனுபவமுள்ளவர்கள் முன், பின் சாம்பிளைப் பார்த்ததும் செய்கிற முதல் வேலை, இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். பின் சாம்பிளை 8 டெசிபல் இறக்கி மாற்றி மாற்றிக் கேட்டேன். உங்கள் முன் சாம்பிள்தான் நன்றாக இருக்கிறது. 500 ரூபாய் வாங்கிக்கொண்டு பாட்டைக் கொஞ்சம் கெடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். சீனியரும் இதைக் கேட்டுவிட்டுத்தான் சிரித்திருப்பார். சொல்லித் தராமல் சிரித்தது அவர் தப்பு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உபதேசம் மாதிரி ஆகிவிடும். பிளஸ் டூ முடித்ததும் மாமாவோடு மைக்செட் வேலைக்குப் போனவன் நான். கொடை, பெருநாள், கல்யாணம் என்று குழாய் ஸ்பீக்கரைத் தென்னையில் கட்டி, ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே தூங்கிய காலம். அப்புறம் திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் நான்கு வருஷம் கையாள். கேபிள் சுற்றுவது, சாயா வாங்கி வருவது, டேப்பில் பெயர் எழுதுவது. அவ்வளவுதான் வேலை. ஆனால் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஊருக்கு வந்து, வடசேரியில் வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அறையில் கம்ப்யூட்டரும் இரண்டு ஸ்பீக்கரும் வைத்துக் கடை திறந்தேன்.

2006-ல் குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர் ஆலயத் திருவிழாவுக்கு 9 பாட்டு உள்ள சிடி. நானே மாஸ்டரிங். அறையின் நட்டநடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டேன். எல்லாப் பாட்டிலும் பேஸ் குறைவாகப் பட்டது. ஏற்றினேன். இன்னும் போதவில்லை என்று தோன்றியது. இன்னும் ஏற்றினேன். கொடியேற்றத்து அன்று மைதானத்தில் 18 அங்குல பேஸ் பெட்டிகளில் அந்த சிடியைப் போட்டார்கள். முதல் பாட்டிலேயே பெட்டிகள் உறுமின, பாடுகிற பெண்ணின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பங்குத்தந்தை நல்ல மனிதர். தோளில் கை போட்டுக்கொண்டு, "பாட்டு நல்லா இருக்கு மக்களே, ஆனா வயித்துக்குள்ள என்னமோ செய்யுது" என்றார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

என்ன நடந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. சென்னையில் இருந்த ஒரு பெரிய மாஸ்டரிங் இஞ்சினியரின் மெயில் முகவரி ஒரு நண்பரிடம் இருந்தது. இரண்டு பாட்டை ஒரு சிடியில் போட்டு கூரியரில் அனுப்பிவிட்டு, மெயிலும் எழுதினேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை, ஒரே வரி: 'உன் அறையில் 56 ஹெர்ட்ஸ் இல்லை, நாற்காலியை நகர்த்து, அறையின் நீளம் எத்தனை அடி?'

நீளம் 10 அடி, அகலமும் 10 அடி. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 56 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 56 தடவை அதிரும் அடி ஓசை, அதன் அலை ஒன்றின் நீளம் சுமார் 20 அடி. அதில் பாதி சரியாக என் அறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை. அப்படி நிற்கிற அலைக்குச் சுவரோரம் சத்தம் மிக அதிகம், நட்டநடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நீளமும் அகலமும் ஒன்றாக இருந்ததால் இரண்டு பக்கத்துப் பள்ளமும் என் தலை இருந்த இடத்திலேயே வந்து சேர்ந்தன. பாட்டில் பேஸ் இருந்தது, நான் உட்கார்ந்த இடத்தில்தான் இல்லை. இல்லாத நோய்க்கு மருந்து ஊற்றியிருக்கிறேன்.

அந்த ஒரு வரியை எழுதியவர் என்னைச் சந்தித்ததே இல்லை. அதே சமயத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு சீனியர் அந்தத் திருவிழாக் கதையைப் பத்து இடத்தில் சொல்லிச் சிரித்தார். தொழில்காரர்கள் புதியவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டால், இந்த இரண்டு மாதிரியும் உண்டு. மூன்றாவது மாதிரிதான் அதிகம்: கண்டுகொள்வதே இல்லை.

எதற்காக இதைச் சொல்கிறேன் என்றால், பெரியவர்களுக்கும் இந்தத் திருவிழா சிடி மாதிரி ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். வித்தியாசம், அது வெளியே தெரியாமல் போயிருக்கும். கொத்தனார் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் யாரும் முதல் நாளே கொத்தனார் ஆவதில்லை. கையாளாகப் போய்ச் சாந்து குழைத்து, செங்கல் எடுத்துக் கொடுத்து, ஒரு நாள் மேஸ்திரி கரண்டியைக் கையில் கொடுப்பார். வைத்த வரி கோணலாக இருந்தால் வீட்டுக்காரர் வருமுன் அவரே தட்டி எடுத்துவிடுவார். மாஸ்டரிங்கும் அப்படித்தான் வளர்ந்தது. ரெக்கார்டு காலத்தில் டேப்பில் இருப்பதை அரக்குத் தட்டில் வெட்டி இறக்குகிற வேலைக்குப் பெயர்தான் அது. அடி ஓசை இடது, வலது என்று பிரிந்து கிடந்தால் பள்ளம் மேலும் கீழும் ஆடும், ஊசி குதித்துவிடும். 'ஸ', 'ஷ' கூர்மையாக இருந்தால் வெட்டும்போதே கரகரப்பு ஏறும். ஒரு பக்கத்தில் அதிக நிமிஷம் அடைத்தால் சத்தத்தைக் குறைத்தாக வேண்டும். வெட்டுகிற இயந்திரம் கம்பெனிக்குச் சொந்தம், தட்டு வீணானால் காசு போச்சு. அதனால் பெரியவர் ஒருவருக்குப் பக்கத்தில் வருஷக்கணக்கில் நின்றுதான் கற்க முடிந்தது. டக் சாக்ஸ் என்பவர் நண்பர்களோடு சேர்ந்து 1967-ல் ஹாலிவுட்டில் மாஸ்டரிங் லேப் என்று தனிக் கடையே போட்டார். ரெக்கார்டு கம்பெனியைச் சேராமல் மாஸ்டரிங்கை மட்டும் தொழிலாக நடத்திய முன்னோடிகளில் அவர் ஒருவர்.

அப்புறம் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. 1982-ல் சிடி விற்பனைக்கு வந்தது, ஊசி குதிக்கிற பயம் போனது. 1994-ல் வேவ்ஸ் கம்பெனியின் எல்1 லிமிட்டர் வந்தது. உச்சியை வெட்டி மொத்தச் சத்தத்தையும் மேலே தூக்குவது ஒரு சுட்டி இழுப்பில் முடிந்தது. 2001-ல் ஓசோன், மாஸ்டரிங் சங்கிலி முழுவதும் ஒரே ஜன்னலுக்குள். 2010-ல் ஃபைவர், வீட்டிலிருந்தபடியே உலகத்துக்கு வேலை விற்கலாம். 2014-ல் லேண்டர், ஆளே வேண்டாம், பாட்டை ஏற்றினால் இயந்திரமே செய்து தரும். இதில் எதுவும் கெட்டதில்லை. நானும் ஓசோன் பயன்படுத்துகிறேன். கருவி மலிவானதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கருவியோடு சேர்ந்து கையாள் காலமும் காணாமல் போனது. நீங்கள் வைக்கிற கோணல் வரியைத் தட்டி எடுக்க மேஸ்திரி இல்லை. வாடிக்கையாளரே முதல் பரிசோதகர். பெரியவர்களுடைய தவறுகள் ஸ்டூடியோக் குப்பைத் தொட்டியில் இருக்கின்றன, உங்களுடையவை இணையத்தில் விலைப்பட்டியலோடு தொங்குகின்றன. சிரிக்கிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சரி, அவர்கள் பக்க நியாயம் ஒன்று உண்டு. அதையும் கேளுங்கள். உங்கள் 500 ரூபாய் வாடிக்கையாளர் எப்படியும் அவர்களிடம் போயிருக்க மாட்டார். அது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எரிச்சல் வேறு இடத்தில் வருகிறது.

சில வருஷங்களுக்கு முன் மார்த்தாண்டம் பக்கமிருந்து ஒரு ஆலயக் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். பாடகர் குழு பாடிய கீதங்கள், யாரோ ஒரு பையன் ஆன்லைனில் மாஸ்டரிங் செய்து கொடுத்திருக்கிறான். ஹெட்போனில் கேட்டால் பிரமாதம், குழுவே தலையைச் சுற்றி நிற்பது போல. ஆனால் கோபுரத்துக் குழாயில் போட்டால் ஆர்கன் மட்டும் வருகிறது, பாடகர்களைக் காணவில்லை. காரணம் எளிது. ஸ்டீரியோவை அகலமாக்கும் பிளக்இன்னைக் கண்டபடி தள்ளியிருக்கிறான். குழுவின் குரல் இடது பக்கம் மேலே போகும்போது வலது பக்கம் கீழே போகிற மாதிரி ஆகிவிட்டது. நம் ஊர்க் கோபுரக் குழாய், கோயில் ஒலிபெருக்கி எல்லாம் மோனோ. இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேரும்போது ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும். ஒரு பட்டனை அழுத்தி மோனோவில் ஒரு தடவை கேட்டிருந்தால் பத்து வினாடியில் தெரிந்திருக்கும். மாஸ்டரிங்குக்கு முந்தைய மிக்ஸ், அதாவது குரலையும் வாத்தியங்களையும் கலந்து முடித்த ஃபைல், இருக்கிறதா என்று கேட்டேன். பாட்டைப் போட்டவர் லேப்டாப்பை ஃபார்மட் செய்துவிட்டாராம். கெட்டுப்போன மாஸ்டரிலிருந்து ஓரளவுதான் மீட்க முடிந்தது. லிமிட்டரில் நசுங்கியது திரும்ப வராது, அரைத்த மாவு மறுபடி அரிசி ஆகாது.

கமிட்டித் தலைவர் கிளம்பும்போது சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "இனிமே இந்த மாஸ்டரிங் சோலியே வேண்டாம் சார், மிக்ஸோட நிறுத்திக்கிடுதோம்." தொழில்காரர்கள் பயப்படுவது இதற்கு. உங்களைப் போல நூறு பேர் சத்தத்தைக் கூட்டிவிட்டு அதற்கு மாஸ்டரிங் என்று பெயர் வைத்தால், மாஸ்டரிங் என்றாலே சத்தம் கூட்டுவதுதான் என்று ஊர் நம்பிவிடும். அப்புறம் உண்மையான வேலைக்கு யார் காசு கொடுப்பார்கள்?

அந்தப் பெயரைக் கெடுத்ததில் பெரியவர்களுக்கும் பங்கு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் உலகம் முழுவதும் என் பாட்டு உன் பாட்டைவிடச் சத்தம் என்று போட்டி போட்டு நசுக்கியது அமெச்சூர்கள் இல்லை. பெரிய ஸ்டூடியோக்களில் பெரிய சம்பளம் வாங்கியவர்கள்தான். அதுபோல, கருவிகளின் விலையைச் சொல்லியே மிரட்டுவது, மாஸ்டரிங் ஏதோ மந்திரவாதம் என்பது போல மூடி மூடிப் பேசுவது, இதெல்லாம் அவர்களுடைய பழக்கம். மூடி வைத்ததால்தான் உங்களை மாதிரிப் பிள்ளைகள் மென்பொருளில் முன்கூட்டியே செய்து வைத்திருக்கிற பிரீசெட்டைப் பார்த்து, இதுதான் அந்த மந்திரம் போல என்று நம்புகிறார்கள்.

சத்தப் போட்டிக்கு இப்போது அர்த்தமும் இல்லை. சத்தத்தை எப்படி அளப்பது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-ல் ஒரு முறையை வெளியிட்டது. 2010-ல் ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் அதை வைத்து ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். எல்யூஎஃப்எஸ் என்று ஒரு சத்த அளவு உங்கள் மீட்டரில் தெரிகிறதே, அது அங்கிருந்து வந்ததுதான். ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் எல்லாப் பாட்டையும் அந்த அளவில் மைனஸ் 14-க்குக் கொண்டுவருகிறது; பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம். யூடியூப் அதிகச் சத்தத்தைக் குறைக்கும், குறைந்ததைக் கூட்டாது. உங்கள் சாம்பிள் என் மீட்டரில் மைனஸ் 7 காட்டியது. ஸ்பாட்டிஃபை அதை 7 டெசிபல் இறக்கிவிடும். அப்போது சத்தம் போய்விடும், நசுக்கியதற்கான தண்டனை மட்டும் மிஞ்சும். இதற்காக எல்லாவற்றையும் மைனஸ் 14-ல் வையுங்கள் என்று நான் சொல்லவில்லை, அது இன்னொரு மூடநம்பிக்கை. பாட்டு எங்கே மூச்சு முட்டுகிறதோ அதற்கு முன்னால் நிறுத்துங்கள். உச்சியை மட்டும் மைனஸ் 1 ட்ரூ பீக்குக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், எம்பி3 ஆக மாறும்போது கிளிப் ஆகாமல், அதாவது உச்சி வெட்டுப்படாமல் இருக்கும்.

உண்மையான வேலை என்ன என்று கேட்பீர்கள். நம் மாவட்டத்திலேயே அதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. திருவிழா ஆல்பம். பத்துப் பாட்டு, ஆறு கீபோர்டுக்காரர்கள், நான்கு ஸ்டூடியோக்கள். ஒருவர் தக்கலையில் மிக்ஸ் செய்திருப்பார், ஒருவர் நெய்யாற்றின்கரையில், ஒருவர் வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே தன் அறையில். ஒன்றில் ஜெபம் மாதிரி மெதுவான பாட்டு, அடுத்தது செண்டை மேளத்தோடு. இந்தப் பத்தையும் ஒருவர் காரில் போட்டுவிட்டுக் களியிக்காவிளை வரை போனால் வால்யூம் பொத்தானைத் தொடக் கூடாது. மெதுவான பாட்டு மெதுவாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் குரல் ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். எதை முதலில் வைப்பது, நடுவில் எத்தனை வினாடி விடுவது, ஒரு பாட்டின் வால் எங்கே மறைவது, எல்லாம் இதில் அடக்கம். இதற்கு பிரீசெட் கிடையாது. இயந்திரத்துக்கு அந்த ஊரும் தெரியாது, அந்தத் திருவிழாவும் தெரியாது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். மாஸ்டரிங் இஞ்சினியர் விற்பது இரண்டாவது ஜோடிக் காது. மிக்ஸ் செய்தவர் அந்தப் பாட்டை இருநூறு தடவை கேட்டுக் காது மரத்துப்போயிருப்பார். புதிதாகக் கேட்கிற ஒருவர், 'இதில் ஒன்றும் செய்ய வேண்டாம்' என்றோ, 'இது இங்கே தீராது, மிக்ஸுக்குத் திரும்பிப் போ' என்றோ சொல்ல வேண்டும். எனக்கு வருகிற வேலையில் பத்துக்கு மூன்று நான்கை நான் முதல் நாளே திருப்பி அனுப்புகிறேன். நீங்கள் இதுவரை எத்தனை திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்? ஒன்றும் இல்லை என்றால், இன்னும் நீங்கள் விற்பது மாஸ்டரிங் இல்லை.

அதனால்தான் உங்களுக்குப் போட்டி சென்னைக்காரர் இல்லை, இயந்திரம். பிரீசெட் போட்டு லிமிட்டரைத் தள்ளுகிற வேலையை அது இரண்டு நிமிஷத்தில் முடிக்கிறது, தூங்குவதில்லை, திருத்தம் கேட்டால் முகம் சுளிப்பதில்லை. ஃபைவரில் 5 டாலருக்கு வேலை எடுத்தால் அவர்கள் 20 சதவீதம் எடுத்துக்கொண்டு உங்கள் கைக்கு 4 டாலர் வரும். அந்தக் காசுக்கு இயந்திரத்தோடு ஓட முடியாது. ஆனால் வாடிக்கையாளருக்குப் போன் போட்டு, "அண்ணே, மூணாவது சரணத்தில குரல் புதையுது, அதைச் சரி பண்ணிட்டு அனுப்புங்க" என்று சொல்ல இயந்திரத்தால் முடியாது. அந்தப் போனுக்குத்தான் 500 ரூபாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தை மாற்றி எழுதுங்கள். 'இண்டர்நேஷனல் குவாலிட்டி', 'ஸ்டூடியோ ஸ்டாண்டர்ட்' இரண்டையும் முதலில் எடுத்துவிடுங்கள், சீனியரைச் சிரிக்க வைத்தது பாதி அதுவாக்கும். ஹெட்போனில் செய்கிறேன், இன்ன ஹெட்போன், ஒரு திருத்தம் இலவசம், மிக்ஸ் சரியில்லை என்றால் காசு வாங்காமல் சொல்லிவிடுவேன் என்று எழுதுங்கள். ஹெட்போனில் செய்வது கேவலமில்லை. நம் ஊரில் ஒலிக்கு ஏற்றபடி ஒழுங்காக ட்ரீட்மெண்ட் செய்யாத அறையைவிட, நன்றாகப் பழகிய ஹெட்போன் எவ்வளவோ மேல். ஆனால் ஹெட்போனில் முடித்ததை வெளியே நாலு இடத்தில் கேட்காமல் அனுப்பாதீர்கள். போனில், யாராவது ஒருவர் காரில், முடிந்தால் ஒரு மைக்செட்காரரிடம் கெஞ்சிக் குழாயில் ஒரு தடவை. குழாயில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது, அதில் குரல் புரிந்தால் நடு ஓசை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வாடிக்கையாளரிடமும் முன், பின் இரண்டையும் ஒரே சத்தத்தில்தான் காட்ட வேண்டும். முதலில் வயிறு கலங்கும். இரண்டு மாதத்தில் உங்கள் வேலை தானாக மாறும்.

அறை என்று ஒன்று போடுவதாக இருந்தால் முட்டை அட்டையில் காசைக் கொட்டாதீர்கள். அது உச்சி ஓசையைக் கொஞ்சம் உறிஞ்சும், என் 56 ஹெர்ட்ஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அடி ஓசைக்குத் தடிமன் வேண்டும், மூலைகளில் வேண்டும். ராக்வுல், அதாவது பாறைப் பஞ்சுப் பலகை நான்கு அங்குலம், அதுவும் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி. நான் முதலில் ஈத்தாமொழிப் பக்கமிருந்து தென்னந்தும்பு வாங்கிச் சட்டத்தில் அடைத்து மூலைகளில் நிறுத்தினேன். ஓரளவு பலன் இருந்தது, கூடவே பூச்சியும் வந்தது. நாற்காலியை நடுவிலிருந்து முன்சுவர்ப் பக்கம் நகர்த்தியதுதான் எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது. அதற்குச் செலவு இல்லை.

சிரித்தவருக்கு என்ன பதில் சொல்வது என்று மனதில் ஓடும். ஒன்றும் சொல்ல வேண்டாம். இரண்டு மாதம் கழித்து ஒரே சத்தத்தில் வைத்த முன், பின் சாம்பிளை அவருக்குத் தனியாக அனுப்பி, 'எங்கே தவறு செய்கிறேன்?' என்று ஒரு வரி கேளுங்கள். 'எப்படி இருக்கிறது' என்று கேட்காதீர்கள், அதற்கு யாரும் பதில் எழுத மாட்டார்கள். தவறு எங்கே என்று கேட்டால் தொழில் தெரிந்தவனால் சும்மா இருக்க முடியாது. அதிலும் சிரிக்கிறார் என்றால் அவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

இப்போது உங்கள் வில்லுப்பாட்டு. பாட்டு நல்ல பாட்டு, பாடுகிறவருக்கு நல்ல சாரீரம், பதிவும் மோசமில்லை. ஆனால் குடத்தின் வாயில் மட்டை விழும்போதெல்லாம் லிமிட்டர் பாய்ந்து அமுக்குகிறது. குடத்தோடு சேர்ந்து பாடுகிறவரின் குரலும் பின்பாட்டும் உள்ளே போய்விட்டு வெளியே வருகின்றன. கண்ணை மூடிக் கேளுங்கள், குரல் மூச்சு வாங்குவது போல இருக்கும். அடுத்து, வில்மணியை மினுக்க வேண்டும் என்று மேலே எங்கோ ஏற்றியிருக்கிறீர்கள். வீசுகோல் நாணில் விழும்போது மணியோடு சேர்ந்து உடுக்கும் ஜால்ராவும் ஒரே சிலுசிலுப்பாகிவிட்டன. எது எந்த வாத்தியம் என்று பிரிக்க முடியவில்லை. இது மாஸ்டரிங்கில் தீராது. இரண்டு சேனலாகக் கலந்து வந்தபிறகு குடத்தை மட்டும் தொட வழியில்லை, எதைத் தொட்டாலும் குரலையும் தொடுவீர்கள். மிக்ஸ் செய்தவரிடம் திருப்பி அனுப்புங்கள். குடத்துக்கு மட்டும் உச்சியை 3 டெசிபல் பிடிக்கச் சொல்லுங்கள், மாஸ்டர் டிராக்கில் லிமிட்டர் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், 24 பிட் வேவ் ஃபைலாக டிரைவில் அனுப்பச் சொல்லுங்கள். வந்தபிறகு நீங்கள் செய்ய அதிகம் இருக்காது. 2 டெசிபல் லிமிட்டர், வேண்டுமானால் மணிப்பக்கம் அரை டெசிபல். போதும்.

அனுப்புவதற்கு முன்னால் அந்தக் குழுவில் குடம் அடிக்கிறவரை ஒரு தடவை வீட்டுக்குக் கூப்பிட்டு ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிடுங்கள். அவருக்கு டெசிபல் தெரியாது. ஆனால் அது தன் குடமா இல்லையா என்று சொல்லிவிடுவார்.